மூக்குடைப்பு

நீச்சல் குளத்தில் தினமும் நாலு விரல் தண்ணீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. குளத்தைக் கட்டியது ஒரு அண்ணனும் தம்பியும். அண்ணன் டைல்ஸ் ஒட்டியவன்; தம்பி குழாயும் விளக்கும் பொருத்தியவன். ஓட்டையைத் தேட, பம்பை நிறுத்திவிட்டு இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். தேடியது கொஞ்ச நேரம். ஏசிக்கொண்டது மிச்ச நேரம்.

"உன் டைல்ஸ் இடுக்குல சாக்கடையே ஓடும்," என்றான் தம்பி.

"போடா! உன் வீட்டுக் குழாயே ராத்திரி பூரா ஒழுகுதாம். உன் பொண்டாட்டிதான் சொல்லிச் சிரிச்சா."

பொண்டாட்டி பேச்சை எடுத்ததுதான் தாமதம், தம்பியின் கை பறந்தது. அண்ணன் முழங்கையால் அவன் விலாவில் இடித்தான். தம்பி அண்ணனின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மோதிக்கொண்டே இருந்தான். மூக்கு உடைந்த பிறகுதான் நிறுத்தினான். பிடித்த முடியை விடாமல் நின்று மூச்சு வாங்கினான். அலையடித்த தண்ணீர் மெல்ல அடங்கியது.

அண்ணன் மூக்கிலிருந்து சொட்டிய ரத்தம் தண்ணீரில் பரவவில்லை. சிவப்பு நூலாக நீண்டு, சுவரோரமாக நழுவி, நீருக்கடியில் இருந்த விளக்கின் வளையத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தது. ஓட்டை அங்கேதான் இருந்தது, தம்பி தன் கையால் பொருத்திய விளக்கில்.

உடைந்தது அண்ணனின் மூக்கு, மூக்குடைபட்டது தம்பி.

"என்னடா பாக்குற?" என்று அண்ணன் வீங்கிய கண்ணைத் திறக்கப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்ற தம்பி, ஒரு கையால் தண்ணீரை அவசரமாகக் கலக்கிவிட்டு, மறு கையால் அந்தத் தலையை மறுபடியும் சுவரில் மோதினான்.