ஒரு கையெழுத்துக்கு ஒரு கடைவாய்ப்பல்

தலைமையாசிரியர் வாயைத் திறந்ததும் பக்கத்தில் நின்றிருந்த உதவிப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல் டாக்டரம்மா திருப்பவில்லை. வாய் நாற்றம் அவளுக்குச் சோறு போடுகிற நாற்றம். கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் உள்ளுக்குள் அழுகியிருந்தது. என்றைக்கோ தின்ற இறைச்சியின் நார் ஒன்று அந்தக் குழியில் ஊறிக் கிடந்தது. அதையெல்லாம் நிதானமாகத் தோண்டி எடுத்தாள். அவளுக்குக் குமட்டியது வேறொன்றைப் பார்த்து. சுவரோரமாகப் பல்லை இளித்துக்கொண்டு நின்றிருந்தார் அவள் கணவர்.

"சார் கையெழுத்துன்னா சும்மாவா? காலேஜ்ல எந்திரிச்சு நின்னு வாங்குவாங்க!"

அவர்கள் மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். அவள் ஆசைப்பட்ட கல்லூரி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று ஆசிரியர் ஒருவர், ஒரே ஒருவர், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். யாரைக் கேட்கலாம் என்று மகள் யோசிப்பதற்குள் அப்பா முடிவு செய்துவிட்டார். காப்பீட்டு முகவரான அவருக்கு ஆளைப் பிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தலைமையாசிரியருக்குப் பல்வலி என்று காதில் விழுந்த அன்றே, "நம்ம கிளினிக் எதுக்கு இருக்கு சார்? காசுப் பேச்சே வேண்டாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கிளினிக் மனைவியுடையது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தலைமையாசிரியர் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கென்னம்மா, ஜமாய்ச்சுடலாம். நீங்களே நல்லதா நாலு வரி எழுதிக் கொண்டாங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன். எல்லாரும் அப்படித்தான் கொண்டாருவாங்க. உங்க பையன் தங்கமான பையன்."

"பொண்ணு சார்" என்றாள்.

"அதான், பொண்ணு. அதுவும் தங்கம்தான்."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு குழியைத் தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "படிச்சவ நீதான், எழுது. தலைமைப் பண்பு, விடாமுயற்சி, சமூக அக்கறை. மூணையும் மறக்காமப் போட்டுடு." சொல்லிவிட்டு யாரையோ பார்க்கக் கிளம்பிப் போனார்.

பொய்யாக எழுத அவளுக்குக் கை கூசியது. சரி, கையெழுத்துதான் திருட்டு, எழுதுவதாவது உண்மையாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தாள். 'காலையில் எழுப்ப வேண்டியதில்லை. துணிமணிகளை மடித்து வைப்பாள். சத்தம் போடமாட்டாள்.' படித்துப் பார்த்தாள். பெற்ற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாளா, மாடிக்குக் குடிவரப் போகிற ஆளைப் பற்றியா? அந்தத் தலைமையாசிரியர் வாயில் எது சொத்தை, எது ஆடுகிறது, எது கட்டியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மகளைப் பற்றி நாலு வரி வரவில்லை. அதுவரை அந்த இருவர்மேலும் இருந்த அருவருப்பு மொத்தமும் தன்மேலேயே வந்து விழுந்தது. தாளைக் கசக்கி எறிந்தாள்.

மகள் வந்து அதைப் பொறுக்கினாள், பிரித்தாள், உதட்டைச் சுழித்தாள்.

"யாரைடி எழுதச் சொல்லலாம்? நீயே சொல்லு."

"இப்பவாவது கேட்டீங்களே. கெமிஸ்ட்ரி மிஸ்."

"எப்பப் பார்த்தாலும் உன்னைத் திட்டுவாங்களே, அவங்களா?"

"திட்டணும்னா என்னைப் பார்த்திருக்கணும்லம்மா? ஹெச்.எம். என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை." மகள் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஒரு நாள் லேப்ல எங்க பெஞ்சுக்கு மொத்தமா ஒரே பியூரெட், அதான் சொட்டுச் சொட்டா அளந்து விடற கண்ணாடிக் குழாய். எல்லாரும் புக்ல இருந்த விடையை எழுதிட்டாங்க. எனக்கு வேற வந்துச்சு, வந்ததை எழுதினேன். மிஸ் கத்தினாங்க. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாங்க. அதேதான் வந்துச்சு. அப்புறம் அவங்களே பக்கத்துல நின்னு பார்த்தாங்க. பியூரெட் அடியில ஒழுகுது! 'ஒழுகற பியூரெட்ல சரியான விடை எப்படிடா வந்துச்சு?'ன்னு மத்தவங்க எழுதினதையெல்லாம் அடிச்சுட்டாங்க."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"அன்னிக்குத்தான் லேட்டா வந்தேன். ஊர் சுத்திட்டு வர்றியான்னு கேட்டீங்க."

அம்மா கசங்கிய தாளை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டாள். "நாளைக்கே மிஸ்ஸைக் கேளு."

மறுநாளே மகள் கெமிஸ்ட்ரி மிஸ்ஸைக் கேட்டாள். "எழுதறேன். பிடிவாதக்காரின்னும் எழுதுவேன், பரவாயில்லையா?" என்றாராம் அந்த மிஸ். மகள் தலையாட்டிவிட்டு வந்தாள். கடிதமும் கல்லூரிக்குப் போய்விட்டது. விஷயம் தெரிந்து கணவர் வீட்டையே இரண்டாக்கினார். "அந்தம்மாவே டெம்பரரி! அது கையெழுத்தை எவன் மதிப்பான்? பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டே. ஹெச்.எம். மூஞ்சியில இனி எப்படி முழிக்கறது?" அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. இடம் கிடைக்காமல் போனால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டியவளும் அவள்தான்.

சொன்ன வாரத்தில் தலைமையாசிரியர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். கணவர் பழையபடி சுவரோரம் நின்று, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்னம்மா, எழுதிக் கொண்டாந்தீங்களா? பேனா பாக்கெட்லயே இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்" என்றாள் டாக்டரம்மா, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே. "எங்க பொண்ணு பேர் என்ன?"

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். திறந்த வாயிலிருந்து நாற்றத்தைத் தவிர எதுவும் வரவில்லை.

"அப்படியே வெச்சுக்கங்க சார்" என்று டிரில்லை எடுத்தாள்.