கேட்டதெல்லாம் எழுதிக்கொண்டார்கள்

தெருமுனைச் சுகாதார நிலையத்தை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தியை முதலில் கொண்டுவந்தது அண்ணன்தான். நகராட்சியில் அவர் எழுத்தர். அலுவலகம் முடிந்த கையோடு தங்கையின் தையல் கடைக்கு வந்து, துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஜனங்ககிட்ட கேட்டுத்தான் செய்யணுமாம். மூணு கூட்டம் போடறோம். ஆனா நான் நோட்டீஸ் ஒட்டினா சுவருதான் படிக்கும். நீ கூப்பிட்டா வருவாங்க."

தங்கை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். நாற்பத்தாறு வயது அவளுக்கு. அந்தத் தெருவில் அவள் அளவெடுக்காத உடம்பு இல்லை. எல்லோருக்கும் அவள் 'தையலக்கா'. அப்பா போனபின் அவளை ஆளாக்கியவர் அண்ணன். முதல் தையல் மெஷினுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அவரே. அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

"நிஜமாவே கேட்பாங்களா அண்ணா?"

"கேட்காம? எழுதிக்கறதுக்கே தனியா ஆள் வராங்க."

மறுநாளிலிருந்து கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவிடுக்கு வழியாகவே தலையாட்டி அனுப்பினார்கள். ஒரு வீட்டில், கிழிந்த மெத்தை உறையை அவள் கையில் கொடுத்து, "வந்தது வந்தே, இதையும் தைச்சுக் குடு" என்றார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் மட்டும் நேராகவே மறுத்தார்.

"ஓட்டு கேட்க வர்ற அன்னைக்கு நம்ம வீட்டுக் கதவு அவங்களுக்குத் தெரியும். மத்த நாள்ல அவங்க வீட்டுக் கதவு நமக்குத் தெரியாது. என்னை விடும்மா."

"இது ஓட்டு இல்லண்ணே. அக்காவை நீங்க எப்படி ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கிட்டுப் போறீங்கன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? நான் சொன்னா அது கதை. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

அவர் மனைவிக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுகாதார நிலைய வாசலில் நான்கு படி. மாதம் இரண்டு முறை சக்கர நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, அவளை முதுகில் சுமந்து ஏறுவார். வெல்டிங்காரர் கையுறையைக் கழற்றினார். "சரி. உன் முகத்துக்காக வரேன்" என்றார்.

கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் இருவர், வண்ண வண்ணத் தாள்கள், சுவர் நிறைய வெள்ளை அட்டை. வாசலில் ஒரு வருகைப் பதிவேடு. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் பக்கவாட்டில் குனிந்து தங்கையின் காதில் சொன்னார்: "கஞ்சத்தனமா கேட்காதீங்க. பெருசா கேளுங்க. கேட்டாத்தானே கிடைக்கும்?"

அவள் எழுந்தாள். பெண்களைப் பரிசோதிக்கத் தனி அறை வேண்டும் என்றாள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் தன் நோயை டாக்டரிடம் சொல்ல நாக்கு எழுவதில்லை என்றாள். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். பால்காரர் மாலை நேரத்திலும் டாக்டர் வேண்டும் என்றார். புதுத்தாய் ஒருத்தி பால் கொடுக்க ஒரு மூலை கேட்டாள். கடைசியாக வெல்டிங்காரர் எழுந்தார். பட்டறையில் கூப்பாடு போட்டே பேசிப் பழகியவரின் குரல் அன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"படியில ஏறும்போது அவ என் காதுல 'மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டே வருவா. ஒரு சரிவுப் பாதை போட்டுக் குடுத்தா அவ அதைச் சொல்ல வேண்டியிருக்காது. அவ்வளவுதான்."

அதிகாரி அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டில்கூட உட்கார்ந்தார்கள். பேச்சு தெருவுக்கும் பரவியது. காத்திருப்பு அறை எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும் என்று ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள் அளவை மறந்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பேசினார்கள். தன் சொல்லுக்கும் ஒரு எடை உண்டு என்று தையலக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. அண்ணனிடம் அதைச் சொல்லவும் செய்தாள். அவர் சிரித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அது அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை புத்தகமாக வந்தது. கொண்டுவந்தது அண்ணன் இல்லை, சுகாதார நிலையத்து நர்ஸ். அட்டையில் தையலக்கா நின்று பேசும் படம். மெஷினின் மேல் வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தாள். எல்லாம் இருந்தது. தனி அறை, மாலை நேரம், பால் கொடுக்க மூலை, சரிவுப் பாதை. ஒன்றுகூட விடுபடவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் இடி விழுந்தது.

'மக்கள் வலியுறுத்திய மேற்கண்ட வசதிகளுக்குத் தற்போதைய கட்டடத்தில் இடமில்லை. ஆகவே மக்களின் விருப்பத்தை ஏற்று, நிலையம் நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள புதிய வளாகத்துக்கு மாற்றப்படுகிறது.' அதன் கீழே 'ஒப்புதல் அளித்தோர்' என்ற தலைப்பில், வாசலில் போட்ட கையெழுத்துகள் அத்தனையும்.

"மாத்தறதுக்கு யாரு ஒப்புக்கிட்டா? யாரும் அதைப் பத்திக் கேட்கவே இல்லையே!"

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா அக்கா? புது இடத்துக்கு ஒப்பந்தம் போன வருஷமே போட்டாச்சு. வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு எங்களுக்கு அப்பவே கடிதம் வந்துச்சு. கடிதத்துல இருந்தது உங்க அண்ணன் கையெழுத்து. நீங்களும் தெரிஞ்சுதான் ஆள் சேர்க்கறீங்கன்னு நெனச்சேன்."

கடையைப் பூட்டக்கூட மறந்து அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி தண்ணீர்ச் செம்போடு வந்தவள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அண்ணா, ஒரே கேள்வி. என் கடைக்கு வந்து முக்காலியில உட்கார்ந்தியே, அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"உட்காரு முதல்ல" என்றார்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன பண்றது? மேலே முடிவு பண்ணிட்டாங்க. கூட்டத்துல இத்தனை பேர் இருக்கணும்னு விதி. ஆள் வரலைன்னா என்னை எங்கேயாவது தூக்கி அடிச்சிருப்பாங்க. எனக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"பெருசா கேளுங்கன்னு சொன்னியே."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையைச் சரிசெய்தார்.

"பெருசா கேட்டாத்தான் இடம் பத்தாதுன்னு எழுத முடியும். அதுக்குத்தானே?"

அண்ணி செம்பைக் கீழே வைத்தாள். "என்னங்க இது? இவகிட்டயேவா?" என்றாள். அண்ணன் இருவரையும் பார்க்காமல், "உன்னை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சேன். புத்தகத்துல படம் வந்திருக்கு. அதை யாரு குடுப்பா?" என்றார்.

கூடப்பிறந்தவர் வாயிலிருந்து அதைக் கேட்டபின் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று அழுதாள். மறுநாள் மறுபடியும் அதே வீடுகளின் படி ஏறினாள். போன தடவை கூப்பிடப் போனவள், இந்தத் தடவை ஒப்புக்கொள்ளப் போனாள். "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது. ஆனா உங்களைக் கூட்டிட்டுப் போனது நான்." எல்லா வீட்டிலும் இதே மூன்று வாக்கியம். சிலர் அவளைத் தேற்றினார்கள். புதுத்தாய், "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். தையலக்கா அடுத்த வீட்டு மணியை அடித்தாள்.

வெல்டிங்காரர் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை.

"அப்போ நான் சரிவுப் பாதை கேட்டதாலதான் ஆஸ்பத்திரி போகுதா? நாலு படி ஏறிட்டு இருந்தோம். இப்போ ரெண்டு பஸ் ஏறணும். என் விரலே என் கண்ணைக் குத்திடுச்சேம்மா."

நகராட்சி மன்றம் அறிக்கையை வாக்கெடுப்புக்கு எடுத்த அன்று பார்வையாளர் வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள். பொதுமக்கள் சார்பில் ஒருவர், மூன்று நிமிடம் பேசலாம். தையலக்கா ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். தலைவருக்குக் கீழே சின்ன மேசையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தவர் அவள் அண்ணன்.

"எழுத்தர் அவர்களே, நான் சொல்றதை அப்படியே எழுதிக்கோங்க" என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவர் பேனா நின்றது. "நாங்க வசதி கேட்டோம். இடம் மாத்தச் சொல்லிக் கேட்கலை. வருகைக்குப் போட்ட கையெழுத்தை ஒப்புதல்னு அச்சடிச்சிருக்கீங்க. ஒப்பந்தம் போன வருஷம், கூட்டம் இந்த வருஷம். முடிவு பண்ணிட்டு எங்களை ஏன் கூப்பிட்டீங்க? எங்க பேரை அந்தப் பக்கத்துல இருந்து எடுங்க. அவ்வளவுதான்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நன்றி சொன்னார். கைகள் உயர்ந்தன. எதிர்த்து இரண்டே கை. அறிக்கை நிறைவேறியது.

நான்கு வாரத்தில் சுகாதார நிலையத்தின் கதவில் பூட்டு தொங்கியது. நடவடிக்கைக் குறிப்பு நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று நர்ஸ் தகவல் அனுப்பினாள். தையலக்காவும் வெல்டிங்காரரும் போய்ப் படித்தார்கள். அண்ணனின் எழுத்துநடை அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

'பொதுமக்களில் ஒருவர் தம் கருத்தைத் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது.'

அவ்வளவே. கையெழுத்தும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, பெயரை எடுக்கச் சொன்னதும் இல்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதை எழுதக்கூடாது என்றும் பிடித்திருக்க மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று அவர் வீட்டில் கேட்டதைவிட இது வலித்தது.

பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: குறிப்பில் பிழை இருப்பின் அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். வெல்டிங்காரர் கண்ணைச் சுருக்கி அதை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கும் ஏதாவது உள்குத்து இருக்குமா?"

"இருக்கலாம்ணே."

"யாருகிட்ட குடுக்கணும்?"

"எழுத்தர்கிட்ட."

வெல்டிங்காரர் எதிர்க் கடைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் வாங்கிவந்து அவளிடம் நீட்டினார். நகராட்சிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அவள் எழுத ஆரம்பித்தாள்.