மேலே ஏறிய கோடு

ஆறு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது? எனக்கு அலுத்துவிட்டது. கேள்வி இதுதான். 'வளர்' என்று வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால், செல்லுக்குள் எர்க் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். செடியிலிருந்து நாங்கள் எடுத்த மருந்து அதைத் தடுக்கிறதா, இல்லையா?

கண்ணுக்குத் தெரிகிற விஷயமா இது? அதற்குத்தான் ஆன்டிபாடி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் திரவம். பாஸ்பேட் ஒட்டிய எர்க்கை மட்டும் தேடிப் பிடிப்பது ஒன்று. அதை 'பாஸ்போ' என்போம். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் எல்லா எர்க்கையும் பிடிப்பது 'டோட்டல்'. மருந்து வேலை செய்தால் பாஸ்போ காட்டும் கறுப்புப் பட்டை மங்க வேண்டும், டோட்டல் பட்டை அப்படியே நிற்க வேண்டும். என் தீசிஸ் மொத்தமும் இவ்வளவுதான்.

ஏப்ரல் வரை மங்கியது. மூன்று முறை ஒரே மாதிரி வந்தால்தான் முடிவை ஏற்பார்கள்; இரண்டு முறை நானே செய்து பார்த்தேன். அதற்கப்புறம் அதே வேலையைக் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். எங்கள் பிராஜெக்டில் உதவியாளராகச் சேர்ந்தவள், செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் லேபுக்கு வருவாள். அவள் செய்ததில் எதுவுமே மங்கவில்லை. மருந்து போட்டதும் போடாததும் ஒரே கறுப்பு. பதினோரு தடவை செய்தாள், பதினோரு தடவையும் அதே கதை.

"கை சரியில்லம்மா அந்தப் பொண்ணுக்கு," என்றார் கைடு பலராமன் சார். நானும் ஆமாம் சாமி போட்டேன். போட்டேன் என்ன, அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இனி வேலை நீட்டிப்பு கிடையாது என்று வெள்ளிக்கிழமை சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை நான் சினாப்சிஸ், அதாவது தீசிஸின் சுருக்கம், கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் இதே நாற்காலி.

அதனால்தான் சனிக்கிழமையும் லேபுக்கு வந்து, மூன்றாவது முறையை நானே செய்தேன். யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். பதினோரு மணிக்குத் திரையில் படம் வந்தது. மருந்து போட்டது இரண்டு, போடாதது இரண்டு, நாலு பட்டையும் ஒரே கறுப்பு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. என் கை, என் செல், என் மருந்து. அவள் செய்ததிலிருந்து மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அந்த பாஸ்போ ட்யூப். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

எங்கள் லேபில் கரைத்த ஆன்டிபாடியைக் கொட்ட மாட்டோம். விலை அப்படி. பயன்படுத்தியதும் திரும்ப அதே ட்யூபில் ஊற்றி, அளவு நிற்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதியும் இனிஷியலும் எழுதி வைப்போம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்மியாகும், கோடும் ஒவ்வொரு படியாக இறங்கும். இந்த ட்யூபிலும் ஏழு மில்லி, ஆறரை, ஆறு என்று இறங்கி வந்திருந்தது. அடுத்த கோடு பதினொன்றில் இருந்தது. பக்கத்தில் சித்ரா பௌர்ணமித் தேதி. அதற்குப் பக்கத்தில் என் இனிஷியல்.

அடக் கடவுளே!

அந்த நாள் ஞாபகம் வந்தது. சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்குள் பஸ் விட மாட்டார்கள். கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் கிளம்பாவிட்டால் வேங்கிக்காலிலிருந்து வீடு வரை நடைதான். ஒரே மேஜையில் பட்டை பதிந்த தாளை ஊறவைத்த இரண்டு டப்பா, ஒன்றில் பாஸ்போ, ஒன்றில் டோட்டல். கண்ணெல்லாம் கடிகாரத்தின் மேல்தான். ஒன்றை ஊற்றினேன், மற்றதையும் ஊற்றினேன், கோடு போட்டேன், ஓடினேன். இரண்டையும் ஒரே ட்யூபில் ஊற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த ட்யூப் எல்லா எர்க்கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டை எப்படி மங்கும்?

மறுநாள் டோட்டல் ட்யூப் காலியாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. "யாரைக் கேட்டு எல்லாத்தையும் காலி பண்ணே?" என்று கீர்த்தனா மேல்தான் எரிந்து விழுந்தேன். அவள் "நான் எடுக்கலக்கா" என்றாள். நான் நம்பவில்லை.

அதற்கு மேல் மேஜையில் இருந்த அவள் நோட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மே மாதப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'பாஸ்போ ட்யூபில் அளவு கூடியிருக்கிறது. அக்காவிடம் கேட்டேன். சொன்னதை மட்டும் செய் என்றார்கள்.'

சத்தியமாக எனக்கு அது ஞாபகமே இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம் புத்தி வேறு பக்கமும் போனது. குழாயைத் திறந்து ட்யூபைக் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பழைய படம் இரண்டு கையில் இருக்கிறது, மூன்றாவதற்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மூடியைத் திறந்தும் விட்டேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கீர்த்தனா வந்தாள்.

"மிச்ச நோட்டெல்லாம் ஒப்படைச்சுட்டுப் போகச் சொன்னாருக்கா சார். திங்கக்கிழமை வர வேணாம்னுட்டாரு," என்றாள். அழுது முடித்த முகம். "நீங்க பிஸியா? நான் அப்புறம் வரட்டா?"

"உக்காரு." ட்யூபை அவளிடம் நீட்டினேன். "இந்தக் கோட்டைப் பாத்திருக்கே இல்ல?"

"பாத்தேங்க்கா."

"நான் போட்டது. ரெண்டையும் இதுலயே ஊத்திட்டேன். நாலு மாசமா நீ பண்ணது எல்லாத்துலயும் இதான் இருந்துச்சு."

அவள் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சாரைக் கூப்பிட்டேன். அவள் எதிரிலேயே முழுதும் சொன்னேன்.

"அப்போ நாலு மாசம் போச்சா?" என்றார் சார். கோபம்கூட இல்லை, அவருக்கும் அலுப்புதான்.

"போச்சு சார்."

"சினாப்சிஸ்?"

"திங்கக்கிழமை குடுக்க முடியாது சார். திரும்பப் பண்ணணும். கீர்த்தனாவை அனுப்பாதீங்க."

"லெட்டர் நேத்தே ஆபீசுக்குப் போயிடுச்சேம்மா."

"இன்னொரு லெட்டர் போடுங்க சார்."

"போட்டு? என்னனு எழுதறது?"

"மணிமொழி பண்ண தப்புனு எழுதுங்க."

"எழுதறேன். அவங்க கேப்பாங்களானு தெரியாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு வருஷம் போனது போனதுதான்.

இப்போதாவது என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன், கேட்டால் தேவலை என்றும் இருந்தது. கீர்த்தனா ட்யூபை மேஜையில் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் கையில தப்பு இல்லையாக்கா?"

"இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா இல்லடி," என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள், நான் மறுபடியும் சொன்னேன்.