புதுத் தொப்பிக்கு அவ்வளவு அழகு ஆகாது

தம்பிக்காரன் அந்தத் தொப்பியை மிக நன்றாகச் செய்துவிட்டான். அவனைக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.

கல்யாணப் பெண்ணின் தம்பி என்பதால் அன்றைக்கு மண்டபத்தில் எல்லாருக்கும் அவன் தம்பிக்காரன். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாதாரணப் படைவீரர்கள் எல்லாரும் பழுப்புத் தொப்பி போடுவார்கள். சிவப்புத் தொப்பி போடுகிற கம்பெனி ஒன்றே ஒன்றுதான். முன்விளிம்பு இல்லாத வட்டமான கம்பளித் தொப்பி அது, வலது காதுப் பக்கம் இழுத்துச் சாய்த்துப் போடுவது. ஆறு வாரம் பிழிந்தெடுத்த பிறகு, கடைசி நாள் முதுகில் மூட்டையோடும் வெறுந்தலையோடும் அறுபது கிலோமீட்டர் நடக்கவிடுவார்கள். முடித்து வருகிறவனுக்கு வாளித் தண்ணீரிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து, ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் வைப்பார்கள். காயும்வரை கழற்றக் கூடாது என்பது அங்கே சட்டம்.

காயக் காய அது போட்டவன் மண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒருவன் தலையில் காய்ந்தது இன்னொருவனுக்குப் பொருந்தாது. அந்தக் கம்பெனிக்காரர்கள் முன்னால் போகிறவனை முகம் பார்க்காமலே, தொப்பியின் வளைவை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். ஆபத்தான இடத்தில் முன்னால் போவது யார் தொப்பி என்று தெரிந்தால் போதும், பின்னால் வருகிறவனுக்குக் கால் நடுங்காது என்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் அலட்டலாகத் தெரியலாம். அலட்டலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

தம்பிக்காரன் ஏழு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது ஒரு மதகுப் பக்கத்தில் விழுந்தான். முழங்கால் மடங்கியது, அப்புறம் நிமிரவே இல்லை. நடைக்குப் பின்னாலேயே ஊர்ந்து வருகிற லாரி ஒன்று உண்டு, விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு வர. வீரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் துடைப்பம். துடைப்பத்தில் ஏறியவனுக்கு மறுபடி ஒரு பழுப்புத் தொப்பியைக் கையில் கொடுத்துப் பழைய படைக்கே அனுப்பிவிடுவார்கள். அவன் தார்ப்பாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தான். கொடுத்த தொப்பியை வழியிலேயே வீசிவிட்டான்.

மறுநாள் வீட்டுக்குப் போன் போட்டான், உண்மையைச் சொல்லத்தான். அவன் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முந்திக்கொண்டாள். அப்பா கடைக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொல்லியாகிவிட்டதாம், என் பையன் சிவப்புத் தொப்பி என்று. அப்பா முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிவிட்டால் வாடிக்கையாளர் எங்கே ஓடுவது? அக்காவுக்குப் பேசிமுடித்த சம்பந்தி வீட்டிலும் சந்தோஷமாம். தம்பிக்காரன் சும்மா இருந்தான். சும்மா இருந்ததே பொய்யாக வளர்ந்து ஆளுயரம் நின்றது.

கல்யாணத்துக்குச் சீருடையில் வர வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். படைமுகாம் வாசலில் ஒரு கடை உண்டு, தொப்பியைத் தொலைத்த ஓய்வுபெற்றவர்களுக்கு விற்பதற்காக. அங்கே ஒன்று வாங்கினான், சின்னத்தையும் சேர்த்து. விடுமுறையில் வந்த பத்து நாளும் அதோடுதான் குடும்பம் நடத்தினான். வெந்நீரில் நனைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, தலையில் வைத்துக் காயவிட்டு, மேலே நின்ற பிசிறுகளை அப்பாவின் சவரக்கத்தியால் மழித்து எடுத்தான். முடிவெட்டுகிறவர் மகனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன. அச்சில் வார்த்ததுபோல வந்தது தொப்பி.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முதல் பந்தி உட்காரும் நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அக்கா வந்து சேர்ந்தாள். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறாள் என்பது தெரியும். விடுமுறை கிடைக்காது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கிடைத்ததும் உடைகூட மாற்றாமல் பஸ் பிடித்து வந்திருந்தாள். நாற்பதைத் தொடும் வயசு, அகலமான தோள், கையில் பழுப்புத் தொப்பி. அவள் சட்டைக் கையில் சிவப்புத் தொப்பிக் கம்பெனியின் பட்டை தைத்திருந்ததைப் பார்த்ததும் தம்பிக்காரன் தன் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டையின் தோள்வாரில் செருகிக்கொண்டான்.

தவறியவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஒரே ஒரு தடவை. ஆனால் பெறாத தொப்பியைப் போட்டுப் பிடிபட்டவனுக்கு அந்தக் கதவு ஆயுசுக்கும் சாத்திவிடும். இப்போது அந்தக் கதவும், அக்கா புகுந்த வீட்டில் அவள் மரியாதையும், அப்பாவின் முகமும், எல்லாமே இந்தப் பெண்ணின் ஒரு வார்த்தையில் தொங்கின.

சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள். அவன் தோள்வாரில் செருகியிருந்த தொப்பியைக் கேட்டு வாங்கி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் செஞ்சது?"

"நான்தான் அக்கா."

"நல்லா செஞ்சிருக்கே. பதினேழு வருஷமா பார்க்கிறேன், புதுசா வாங்கினவன் தொப்பி இவ்வளவு அழகா இருந்ததே இல்ல. நடந்து முடிச்ச களைப்புல ஈரத்தோட அப்படியே தூங்கிடுவாங்க. காய்ஞ்சு எழுந்திரிச்சா காளான் மாதிரி இருக்கும். அது சரியாக ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

அவன் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினான்.

"மதகுகிட்ட உன்னை ஏத்தினது நான்தான். இடது பக்கம் மூணாவது ஆள் நீ. நீ என்னைப் பார்க்கல, தார்ப்பாயைத்தான் பார்த்துக்கிட்டு வந்தே."

மதகில் மடங்கியது ஒரு கால்தான், அங்கே இரண்டும் மடங்கிவிட்டன என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரிப்பான். அப்போது சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள், அக்கா கல்யாணம் என்று ஏதேதோ குழறினான். அவள் கோபப்படவே இல்லை. சோப்பு போட்டு நிதானமாகக் கை கழுவினாள். பதினைந்தாவது வருஷம் கம்பெனி தனக்கு ஒரு சிவப்புத் தொப்பி கொடுக்க வந்ததாகவும், தான் வேண்டாம் என்றதாகவும் சொன்னாள். நடக்காதவர்களுக்குக் கொடுப்பது அங்கே நடக்கவே நடக்காத காரியம். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அந்த நிலையிலும் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"விழுந்து வண்டியில பின்னால உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணாடி வழியா என் தலையைத்தான் பார்த்துக்கிட்டு வருவாங்க. அவங்க முன்னாடி அதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்ட எனக்கு மனசு வரல."

பிறகு தன் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழுப்புத் தொப்பியை எடுத்தாள். விழுகிறவர்களுக்காக எப்போதும் நாலைந்து வைத்திருப்பாள். "போன தடவை கொடுத்ததை வீசிட்டே. இதையாவது வச்சுக்கோ. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உனக்குத்தான் வாய் இருக்கே" என்றாள். சிவப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வாசல் படியில் போட்டோ எடுக்க எல்லாரும் நின்றார்கள். சீருடைக்காரர்கள் இரண்டு பேரும் தொப்பியோடு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்று சம்பந்தி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தம்பிக்காரன் பழுப்புத் தொப்பியோடு வந்தான். அப்பா முகம் சுருங்கியது. "டேய், சிவப்பு எங்கடா?"

"எனக்கு அது கிடைக்கலப்பா. ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்துட்டேன். காலையில போட்டிருந்தது கடையில வாங்கினது."

போட்டோக்காரர்கூடக் கேமராவை இறக்கிவிட்டார். சம்பந்தி, "நான் ஆறு பேர்கிட்ட சொல்லிட்டேனே" என்றார். "நான் ஊருக்கே சொல்லிட்டேன்" என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை இரண்டு வீட்டிலும் தகராறு. கல்யாணப் பெண்ணான அக்காதான் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். "முகத்தைத் தூக்குடா, உன்னாலதான் எல்லாரும் வெயில்ல நிக்கிறோம்" என்றாள். அவன் முகத்தைத் தூக்கினான். ஒரு மாதமாகப் பாரம் சுமந்த நெஞ்சு அப்போதுதான் லேசானது. மாப்பிள்ளையின் அக்கா கேமராவைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

அப்பா லேசுப்பட்டவர் அல்ல. மறுநாளே கடையைத் திறந்து, சொன்ன வாயாலேயே திருத்திச் சொல்ல ஆரம்பித்தார். பையன் தோற்றுவிட்டான் என்று மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. "ஏழு கிலோமீட்டர் மிச்சம் வச்சிருக்கான்" என்பார், கத்தரியை நிறுத்தாமல்.

மறுவாய்ப்புக்கு விண்ணப்பம் போடுகிறவனுக்கு ஒருவர் கையெழுத்து வேண்டும். அந்த நடையில் ஆரம்பம் முதல் முடிவு வரை கூட இருந்தவர் போட வேண்டும் என்பது விதி. இதுவரை சார்ஜன்ட்டுகள்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு லாரி டிரைவர் வந்து பேனாவைக் கேட்டதும் அலுவலகத்தில் இருந்தவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒவ்வொரு நடைக்கும் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை தன்னைவிட யார் கூட இருந்தது என்று அவள் கேட்டாள். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்கள். கடையில் வாங்கிய தொப்பியைப் பற்றியும் அதே தாளில் தம்பிக்காரனே எழுதியிருந்தான். கழற்றியதும் அவனே, சொன்னதும் அவனே என்று அவள் கீழே ஒரு வரி சேர்த்தாள். அதற்குத் தண்டனையாக ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள், கதவைச் சாத்தவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவன் அறுபதையும் நடந்தான். மதகைத் தாண்டும்போது தரையைக்கூடப் பார்க்கவில்லை. வாளியிலிருந்து தொப்பி எடுத்து வைத்தபோது தண்ணீர் முதுகு வரைக்கும் ஓடியது. அதிலே கண்ணீர் கலந்ததை யாரும் பார்க்கவில்லை. கையில் ஒரு குவளை தேநீரைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் விழுந்த இடத்தில் தூங்கிப்போக, அவன் தேநீர்க் கேத்தலையும் நாலு குவளையையும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டித் துடைப்பத்தைத் தேடிப் போனான். அவள் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துணி சிவப்பாக இருந்தது. பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது, கடையில் வாங்கிய அதே தொப்பி. உழைக்காமல் வந்தது துணிதானே, துடைக்கட்டும்.

அவன் எத்தனையோ நாளாக நன்றி சொல்ல வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். அதை ஆரம்பிக்கும் முன்பே, அவள் கட்டைவிரலால் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் தார்ப்பாய்க்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

தம்பிக்காரன் படியில் கால் வைத்தவன், நின்றான். காயும்வரை கழற்றக் கூடாத தொப்பியைக் கழற்றினான். இரண்டாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு வெறுந்தலையோடு மேலே ஏறினான். நாலு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். தார்ப்பாய்க்காரன் குடித்து முடிக்கும்வரை அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

இறங்கி மறுபடி போடும்போது தொப்பி பாதி காய்ந்திருந்தது. நடுவில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. சார்ஜன்ட் கத்தினார். கம்பெனி கைகொட்டிச் சிரித்து அவனுக்கு மடிப்பு என்றே பெயர் வைத்தது. காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கொண்டா, வெந்நீர் காட்டி ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணித் தருகிறேன் என்று கத்தியோடு கிளம்பினார். "வேண்டாம்ப்பா, அதை வச்சுத்தான் என்னை அடையாளம் தெரியும்" என்றான்.

தெரியத்தான் செய்தது. அணிவகுத்து ரோட்டில் போகும்போது எங்கோ பின்னால், கடைசியில், துடைப்பம் ஊர்ந்து வரும். அத்தனை சிவப்புத் தொப்பிகளுக்கு நடுவில் அவள் அந்த மடிப்பைக் கண்டுபிடித்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். அணியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பாமலே கையை மட்டும் தூக்குவான்.