கண்ட்ரோல் இரத்தம்

பேராசிரியர் சுவாமிநாதன் அவர்கள் கோபம் வந்தால் குரலை உயர்த்துபவரல்லர். குரல் தணியும்; 'அம்மா' என்ற விளி மட்டும் கூடிக்கொண்டே போகும். அன்று காலை அவர் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே அம்மா, அம்மா என்று வந்ததும் ரஞ்சனி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"ஏம்மா ரஞ்சனி, இதுக்குப் பேரு என்னம்மா?"

கணினித் திரை முழுவதும் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன.

குமாரபாளையத்துச் சாயப்பட்டறைத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதிப்பது ரஞ்சனியின் முனைவர் பட்ட ஆய்வு. வெள்ளணுக்களோடு நிறமற்ற சாயமொன்றைக் கலந்து இருட்டில் வைக்க வேண்டும். நச்சுப் பொருட்களால் அணுக்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுந்திருந்தால், நுண்ணோக்கியின் நீல ஒளி பட்டதும் சாயம் பச்சையாக ஒளிரும். நலமானவர்களின் அணுக்கள் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நலமான இரத்தம் வேண்டுமே என்று அந்த ஆய்வகத்தில் எவரும் வெளியே அலைந்ததில்லை. மாணவிகளில் ஒருத்தி கையை நீட்டுவாள். குழாயின் மேல் 'கண்ட்ரோல்' என்று எழுதினால் வேலை முடிந்தது. இம்முறை ரஞ்சனி தன் இரத்தத்தையே எடுத்திருந்தாள். திரையில் ஒளிர்ந்தது அதுதான்.

"பட்டறைக்காரங்க ரத்தமும் பச்சை, உன்ற ரத்தமும் பச்சை. அப்புறம் எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி?" என்றார். "சாயத்த வெளிச்சத்துல வெச்சுப்போட்டே. வெளிச்சம் பட்டா அது தானாவே பச்சையாயிரும்னு தெரியாதா? உங்கப்பா பட்டறை நூலுன்னு நெனச்சுக்கிட்டியா, வெயில்ல காயப்போட?"

பின்னாலிருந்த இளநிலை மாணவர்கள் சிரித்தார்கள்.

"இல்லீங்க சார். அலுமினியத் தாள் சுத்தித்தான் வெச்சிருந்தேனுங்க."

"கவனக்குறைவால கெடுத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரும்மா. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கையெழுத்திட்டால் ஆய்வு கைவிட்டுப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவை மனத்தில் வைத்து, 'நம்ம குமாரசாமியண்ணன் புள்ள கேக்குது' என்பதற்காக மட்டுமே ஊசிக்குக் கை நீட்டியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அவள் பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஒரு தடவை திரும்பப் பண்ணிப் பாக்கலாமுங்களா? ரத்தமே இல்லாம வெறும் சாயம் ஒரு குழாய்ல. அஃபீபாவோடது ஒண்ணு, என்னுது ஒண்ணு. சாயம் கெட்டிருந்தா மூணுமே பச்சையாத் தெரியுமுங்க."

"பண்ணலாமே! எல்லாரும் பாக்கட்டும். அஃபீபா, நீ பண்ணு. இந்தம்மா எதையும் தொடக்கூடாது, தொட்டா பச்சையாயிரும்."

சேலத்து மளிகை வியாபாரியின் மகளான அஃபீபா, ரஞ்சனியோடு ஒரே விடுதி அறையில் இருப்பவள். அவளே இருவர் இரத்தத்தையும் எடுத்து, சாயம் கலந்து, இருட்டறையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தாள். மற்றவர்கள் சூழ்ந்து நின்றார்கள்.

வெறும் சாயம்: திரை கரியாக இருந்தது. ரஞ்சனிக்கு மூச்சு வந்தது. அஃபீபாவின் இரத்தம்: மங்கலாக ஓரிரு புள்ளிகள். மூன்றாவதாக ரஞ்சனியினுடையதை வைத்ததும் இருட்டறையில் நின்றவர்களின் முகங்களிலெல்லாம் பச்சை ஒளி படிந்தது.

அவள் முதலில் மகிழ்ந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சாயம் கெடவில்லை, பழி நீங்கிற்று. அருகில் நின்ற மாணவன் மெல்ல விலகி நின்றபோதுதான் திரையில் ஒளிர்வது எதுவென்று அவளுக்கு உறைத்தது. பட்டறைச் சுவரை ஒட்டிய வீடு. சில நாட்களில் சிவந்தே வரும் ஆழ்குழாய் நீர். அதைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த உடம்பு.

"ரஞ்சனி, உனக்கு உடம்புக்கு ஏதாச்சும்டி..." என்று தொடங்கிய அஃபீபா நிறுத்திக்கொண்டாள்.

சுவாமிநாதன் அவர்கள் மென்மையாகச் சிரித்தார். "மன்னிச்சுக்கம்மா. சாயம் நல்லாத்தான் இருக்குது, கண்ட்ரோல்தான் கெட்டுப்போச்சு. பட்டறை ரத்தம் வேணும்னு நாம பஸ் ஏறிப் போறோம். இங்கயே ஒண்ணு டீ குடிச்சுட்டுத் திரிஞ்சிருக்குது."

இப்போது எல்லோரும் தாராளமாகச் சிரித்தார்கள்.

"அப்போ நான் ஆய்வைத் தொடரலாமுங்களா சார்?"

"எப்படிம்மா? சாம்பிளே ஆராய்ச்சி பண்ணலாமா? எதிக்ஸ் கமிட்டி என் தலையை உருட்டாதா? நீ ஒண்ணும் எழுதித் தர வேண்டாம். அஃபீபா எடுத்துக்கட்டும்."

"சார், அது ரஞ்சனியோட..."

"உனக்கு வேண்டாம்னா சொல்லு, அஃபீபா. கேட்டுட்டு வெளிய ஆள் நிக்குது."

அஃபீபா தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாமென்று சொல்லவில்லை.

"இன்னொரு குழாயும் எடுத்து வை. இந்த மாதிரி பச்சை தினமும் கெடைக்காது."

அஃபீபா ரப்பர் பட்டையைக் கட்டினாள். முதல் குத்தில் நரம்பு தப்பியது. இரண்டாவது குத்தில்தான் இரத்தம் வந்தது. ரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குழாயில் 'கண்ட்ரோல்' என்று எழுதப்போன அஃபீபா, நிறுத்தி, தொழிலாளர் வரிசையின் அடுத்த எண்ணை எழுதினாள். பிறகு, தொழிலாளர்களுக்குக் கொடுப்பதுபோலவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

கதவருகே சென்ற பேராசிரியர் ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார். 'அம்மா' போய், செல்லமாக அழைக்கும் 'சாமி' வந்திருந்தது.

"ஊட்டுல அப்பா, அம்மா எல்லாம் பட்டறைக்குப் பக்கத்துலதானே சாமி இருக்காங்க? வார வாரம் அவங்களையும் கூட்டிட்டு வா. குடும்பத்தோட கெடைச்சா பெரிய ஜர்னல்லயே போட்டுரலாம்."

பஞ்சை முழங்கையில் அழுத்தியபடியே ரஞ்சனி எழுந்து நின்றாள்.

"சரிங்க சார்," என்றாள்.