பாலத்தில் நின்ற பாடை

கடப்பாரை மண்ணில் இறங்கவில்லை, பொறிதான் பறந்தது. முந்தின நாள் முழுக்க விறகைக் குவித்து எரித்தும் சூடு ஒரு சாண்தான் உள்ளே போயிருந்தது. அதற்குக் கீழே மலை உறைந்து கிடந்தது. பான்சு உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓங்கினான். கை வெடிப்புகளில் ரத்தம் கசிந்து, கசிந்த இடத்திலேயே உறைந்தது. விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில் குவோன் பண்ணையாரின் குத்தகைக்காரர்கள் அவருடைய தகப்பனாருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"உசுரோட இருந்தப்பவும் இந்தக் கெழவரு இளகினதில்ல. போய்ச் சேர்ந்த பின்னாடியாவது மண்ணு இளகுதா பாரு," என்றான் சில்போக். குழிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். பான்சு சிரிக்கவில்லை. அவன் தம்பி தல்சு எதிர்மலையில் எங்கோ பனிக்குள் பதுங்கியிருந்தான்.

போன கோடையில் ஜப்பான்காரன் அரசரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டுப் பட்டாளத்தையும் கலைத்தபோது, இதே குவோன் பண்ணையார் களத்துமேட்டில் ஏறி நின்று கூப்பிட்டார். இனி எசமானும் இல்லை, குடியானவனும் இல்லை, எல்லாரும் நாட்டுக்குப் படைவீரர்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல் இவர்கள் பானையிலிருந்தே தினைக்கஞ்சி வாங்கிக் குடித்தார். அடடா, அன்றைக்குப் பான்சு அழுதேவிட்டான். அவர் தளபதியானார். கலைக்கப்பட்ட பட்டாளத்திலிருந்து நல்ல துப்பாக்கிகளோடு தப்பி வந்த மெங் என்ற சிப்பாய் இவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தான். ஏர் பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. இரண்டு கணவாய்களில் ஜப்பான்காரனை ஓட ஓட விரட்டவும் செய்தார்கள்.

பனிக்காலம் வந்தது. நகரத்து ஜப்பான் காவல்படை முகாமைத் தாக்க எல்லாம் தயார். ஊதுகொம்புச் சத்தம் கேட்டதும் பாயவேண்டும் என்று ஒரு கூட்டம் முன்னால் போய் மதிலோரம் பதுங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவர் இறந்த செய்தி வந்தது. தளபதி தலைப்பாகையைக் கழற்றி எறிந்து தரையில் விழுந்து அழுதார். அரசனுக்குத் தவறியவன் மனிதனாகவாவது இருப்பான், அப்பனுக்குத் தவறியவன் மிருகம் என்றார். மூன்று வருஷம் துக்கம் காத்துவிட்டு வருகிறேன், அதுவரை கலைந்து போங்கள் என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார். மதிலோரம் கிடந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஆளை அனுப்பவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் கொம்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தே செத்தார்கள்.

அப்போதும் இவர்கள் அவரை நம்பினார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால் அதுதான். துப்பாக்கியோடு திரிந்தால் வேட்டையாடிவிடுவார்கள், என் தானியக் கொட்டடியில் வையுங்கள், இழவு வீட்டை எவனும் சோதனை போடமாட்டான், அடக்கம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். மெங் வேண்டாம் என்றான். மற்றவர்கள் அவனை அடக்கினார்கள். அப்பனுக்காகத் துக்கச் சணல் உடுத்தியவன் பொய் சொல்லுவானா? அந்த ஊரில் அப்படி நினைக்கவே யாருக்கும் மனசு கூசும். தாங்களே சுமந்துகொண்டுபோய் அடுக்கினார்கள். மெங்கும் தல்சுவும் இன்னும் சிலரும், வெடிமருந்துகூடச் சரியாக இல்லாத பழைய வேட்டைத் துப்பாக்கிகளோடு மலையில் தங்கினார்கள். அடக்கத்தன்று நல்ல துப்பாக்கிகள் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் உயிர் இருந்தது.

குழி ஆளுயரம் ஆனபோது சூப்பு வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பான்சுவின் மனைவி சம்வோல் மேடேறி வந்தாள். பண்ணையார் வீட்டு அடுக்களையில் நாலைந்து நாளாக அவளுக்கு வேலை. எல்லாருக்கும் ஊற்றிவிட்டுப் பான்சுவின் பக்கத்தில் குந்தினாள்.

"இன்னிக்கு அந்தியில முகாமு வண்டி வருதாம். கொட்டடியில இருக்கறத பூரா ஏத்திக்கிட்டுப் போகப் போறாங்க."

"யாரு சொன்னா?"

"ஜப்பான்காரனோட துபாஷி வந்து குடிச்சிக்கிட்டிருந்தான். நான்தான் கள்ளு கொண்டுபோய் வெச்சேன். பண்ணையாருக்கும் அவரு மவனுக்கும் மன்னிப்புக் காயிதம் குடுத்துருவாங்களாம். மலையில இருக்கறவங்களுக்கு மன்னிப்பு கெடையாதாம்."

பான்சு சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பாவி, கஞ்சியைப் பங்குபோட்டுக் குடித்தாயே என்று மனசுக்குள் கத்தினான். சில்போக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இப்போதே போகலாம் என்றான். வாசலில் துபாஷியும் இரண்டு ஜப்பான் சிப்பாய்களும் இருப்பதைச் சம்வோல் சொன்னாள். வெறும் கையோடு போய் என்ன செய்வது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் பான்சுதான் சொன்னான்: "பாடையத் தூக்கறது நாமதானே?"

அது போதுமாயிருந்தது. எல்லாருக்கும் புரிந்தது.

பாடை புறப்பட்டது. ஊரிலேயே இப்படி ஒரு பாடையைக் கண்டவர் இல்லை. காகிதப் பூவும் வண்ணத் துணியுமாக ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. முன்னால் பான்சு மணியை ஆட்டிக்கொண்டு பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்க, தூக்குகிறவர்கள் "ஓஹோ, ஓஹே" என்று வாங்கிப் பாடினார்கள். அக்கம்பக்கத்துப் பண்டிதர்கள் இறந்தவரையும் மகனையும் புகழ்ந்து எழுதிய இரங்கல் கொடிகளை அவரவர் குடியானவர்கள் தூக்கி வந்தார்கள். நாட்டைக் காக்க எழுந்த வீரமகன் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது.

ஓடைப் பாலத்தின் நடுவில் மணி நின்றது. பாடையும் நின்றது.

பாலத்தில் பாடை நிற்பது வழக்கம்தான். மேலே போகச் சொந்தக்காரர்கள் வழிச்செலவுக் காசைப் பாடைக் கயிற்றில் முடியவேண்டும். இரண்டு சிப்பாய்களோடும் அக்கரைக்கு முன்னாடியே போய்விட்ட துபாஷி அதைப் பார்த்துச் சிரித்தான். பண்ணையாரின் மருமகன் வந்து காசு முடிந்தான். பாடை நகரவில்லை. மறுபடி முடிந்தான். தூக்கியவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைத்தார்கள். பாரம் தோளை அறுத்தது. ஒருவனும் அசையவில்லை.

நல்ல நேரம் தவறினால் ஏழு தலைமுறைக்கு ஆகாது என்று குழிக்கு இடமும் நேரமும் குறித்துக் கொடுத்த மண்பார்ப்பவன் பதறினான். பண்ணையாரே மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். சணல் உடையில் அழுது வீங்கிய முகம். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

"இன்னும் என்னடா வேணும்?"

"கொட்டடிச் சாவி," என்றான் பான்சு மெதுவாக.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சிப்பாயக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. அப்புறம் பாடைய ஒங்க சொந்தபந்தம் தூக்கட்டும்."

அவருடைய சொந்தபந்தம் பட்டுத் தொப்பியோடு பின்னால் நின்றது. அந்தத் தோள்களில் ஒன்றுகூடப் பாரம் கண்டதில்லை.

"நன்றி கெட்ட நாய்ங்களா, என் அப்பா நடுவழியில கெடக்காருடா..."

"எங்காளுங்க மதிலோரம் கெடந்தாங்கய்யா. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல." பான்சு மணியைத் தூக்கிக் காட்டினான். "என் கையில மணி இருக்கு. நான் அடியெடுத்தா ஊரே கேக்கும். காவல்படைக்கு என்னத்த வித்தீங்கன்னு இத்தன பண்டிதருக்கு முன்னால பாட்டுல சொல்லட்டுமா?"

பண்ணையார் கொடிகளைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். காசு முடிவது போலக் குனிந்து, மடியிலிருந்த சாவியைக் கயிற்றில் முடிந்தார்.

"நான் துரோகியில்ல பான்சு. துக்கம் முடிஞ்சதும் வருவேன். உண்மையா வருவேன்."

"வாங்க. வந்து வரிசையில கடைசியா நில்லுங்க."

சாவி, பாடைக்குப் பின்னால் வந்த சம்வோலின் வாளிக்குள் போனது. அவள் அடுக்களைப் பெண்களை அழைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பினாள். மலைக்கு எத்தனை துப்பாக்கி போய்ச் சேருமோ, வழியில் யார் மாட்டுவார்களோ, தல்சு உயிரோடுதான் இருக்கிறானோ, ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் இனி இவர்களுக்கு வீடில்லை என்பது மட்டும் தெரியும்.

"என்னப்பா, காசு பத்தலையா?" அக்கரையிலிருந்து துபாஷி கத்தினான்.

"பத்தலீங்க. அடுத்த மேட்டுலயும் நிப்போம், அதுக்கடுத்த மேட்டுலயும் நிப்போம்!" என்றான் சில்போக். சிப்பாய்களும் சிரித்தார்கள்.

பான்சு மணியை ஆட்டினான். இவ்வளவு மெதுவாக அவன் எந்தப் பாடையையும் நடத்தியதில்லை. தூக்குகிறவர்களின் கடைசி வரிசையிலிருந்து ஏதோ கிசுகிசுப்பு பின்னால் கொடி பிடித்து வந்தவர்களிடம் போனது. திரும்பிப் பார்த்தான். முன்பின் தெரியாத வெளியூர்க் குடியானவன் ஒருவன் தன் எசமானின் கொடியைக் கரையோர மரத்தில் சாய்த்துவிட்டு, பெண்கள் போன திசையில் நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பாடை பாலத்தைக் கடப்பதற்குள் மரங்களிலெல்லாம் கொடிகள் சாய்ந்திருந்தன. அவற்றைத் தூக்க ஆளில்லை.

பான்சு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தான். தோள்கள் எல்லாம் ஒரே குரலில் வாங்கிப் பாடின.