பழைய காவல் நிலையத்தில் நான்கு நாள்

குளிர்சாதனப் பெட்டி விற்கும் நிறுவனம் ஒன்றில் பதினேழு வருடமாகப் புகார் கேட்கும் வேலையில் இருந்தவரை, எங்காவது போய் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வரும்படி மருத்துவர் சொன்னார். காதில் போனை மாட்டிக்கொண்டு தினமும் எண்பது பேரிடம் திட்டு வாங்குகிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் மருத்துவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை.

மனைவிதான் இடம் பார்த்தாள். இடிக்க வேண்டிய நிலையில் இருக்கும் பழைய கட்டடங்களை வாங்கி, பழுது பார்த்து, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. அந்த வாரம் அவர்களிடம் காலியாக இருந்தவை இரண்டு: ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், ஒரு காவல் நிலையம். கோபுரத்துக்கு நூற்றுப் பத்துப் படிகள். அவளுக்கு முழங்கால் வலி.

அடுத்த தெருவில் இருந்த ஓர் அம்மாளிடம் அறக்கட்டளை சாவியைக் கொடுத்து வைத்திருந்தது. அவர் வந்து கதவைத் திறந்து இடத்தைச் சுற்றிக் காட்டினார்.

“லாக்கப்தான் பெட்ரூம். கம்பிக் கதவுக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் இருக்கு. அது மட்டும் புதுசு.”

மற்ற எல்லாம் பழையபடியே இருந்தன. எழுத்தரின் மேசை, எதிரே புகார் கொடுப்பவர்கள் உட்காரும் மர பெஞ்சு, சுவரில் துப்பாக்கி மாட்டும் கொக்கிகள். இப்போது அவற்றில் துண்டு காயப்போடலாம். வாசலில் ‘காவல் நிலையம்’ என்ற பலகை புது வர்ணத்தில் பளிச்சென்று இருந்தது. மேசைமேல் தடியான விருந்தினர் குறிப்பேடு. முன்பு தங்கியவர்கள், நல்ல அமைதி, நல்ல காற்று என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒல்லியான மனிதர் ஒருவர் நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எங்க அண்ணன் என் ஏணியை எடுத்துட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு சார்.”

“இது போலீஸ் ஸ்டேஷன் இல்லீங்க. நாங்க தங்க வந்திருக்கோம்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாலு நாள்.”

“போதும் சார். அதுக்குள்ள முடிஞ்சிடும்.”

சாவிக்கார அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “நிஜ ஸ்டேஷன் பஸ் ஏறிப் போற தூரத்துக்கு மாறிடுச்சு. போர்டை எடுங்கன்னு டிரஸ்ட் கமிட்டிக்கு எழுதிப் போட்டேன். அது கட்டடத்தோட வரலாறாம். பெயின்ட் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. மத்தவங்கெல்லாம் கதவைச் சாத்திக்குவாங்க சார்.”

புகார் கேட்டே பழகியவருக்குக் கதவைச் சாத்த வரவில்லை. எதிரே ஒருவர் குறையோடு உட்கார்ந்திருந்தால் கை தானாகப் பேனாவைத் தேடியது. குறிப்பேட்டைத் திறந்து, ‘நல்ல காற்று’ என்பதற்குக் கீழே தேதி போட்டு, ஏணியின் நீளம், நிறம், எத்தனை படி, கடைசியாக எப்போது பார்த்தது என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

பதினேழு வருடத்தில் அவர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. ஏணி இரண்டு தெரு தள்ளி இருந்தது. போனார்.

அண்ணன்காரர் மறைக்கவில்லை. கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் ஒரு சுரைக்கொடி உச்சிவரை ஏறி, படிக்கு ஒன்றாகக் காய்த்துத் தொங்கியது.

“எடுக்கச் சொல்லுங்க பாப்போம்” என்றார் அண்ணன்.

கொடி ஓய்ந்த பிறகு ஏணி தம்பிக்கு, அதுவரை காயில் பாதி தம்பிக்கு என்று முடிவாவதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் தம்பி இரண்டு காயோடு வீட்டுக்குப் போனார்.

அந்தச் செய்தி காலுக்குச் செருப்புக்கூட மாட்டாமல் தெருத்தெருவாக ஓடியது. மூன்றாம் நாள் பெஞ்சில் இடம் இல்லை. மாப்பிள்ளை மாமனாரின் சைக்கிளைத் தொலைத்தது, பக்கத்து வீட்டுச் சேவல், தையல்காரர் சட்டையைக் குட்டையாகத் தைத்தது என்று பதினோரு பக்கம் நிரம்பின. சட்டை விஷயத்தில் தையல்காரரையே வரவழைத்து நேரில் அளக்க வேண்டியிருந்தது. குட்டைதான்.

நாலாம் நாள் மதியம் ஒருவரும் வரவில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எழுதிக்கோங்க.”

“யார் மேல?”

“உங்க மேல.”

அவர் புதுப் பக்கத்தில் தேதி போட்டார்.

“வீட்டுல நான் எதைச் சொன்னாலும், ‘புரியுது, வருத்தமா இருக்கு’ங்கறீங்க. குழாய் ஒழுகுதுன்னாலும் அதான், முழங்கால் வலிக்குதுன்னாலும் அதான். ஆபீஸ் குரல்.”

“எப்பலேர்ந்து?”

“ரொம்ப வருஷமா. எங்கம்மா போனப்போ உங்க ஆபீசுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். அன்னிக்கும் அதையேதான் சொன்னீங்க. அதே குரல்ல.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ‘புரியுது’ என்ற சொல் அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். அந்த அழைப்பு அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு எண்பதில் அது எத்தனையாவதோ. அதை அவளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

“நான் என்ன சொல்லியிருக்கணும்?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “ஒண்ணும் சொல்லியிருக்க வேணாம். போனை வச்சுட்டு வந்திருக்கலாம்.”

அதையும் எழுதினார். வழக்கப்படி படித்துக் காட்டினார். ‘மாமியார் காலமான அன்று’ என்று அவர் எழுதியிருந்ததை ‘என் அம்மா’ என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார். கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேற்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிவந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அது இரண்டு பேருக்குச் சற்றுக் குறுகல்.

“அம்மாவுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு?” என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். இருட்டத் தொடங்கும் வரை சொன்னாள். மாமியார் கடைசி வரை பல் செட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்பதும், மனைவியின் தங்கை அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தார் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரியவந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.